வில்லியம்ஸ் பேரிக்காய், பார்ட்லெட் பேரிக்காய் என்கிறார்களே, இரண்டும் வேறு வேறா?

ஒன்றேதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த மரம் நிற்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது பிறந்த ஊர் இங்கிலாந்தில் பெர்க்‌ஷயரைச் சேர்ந்த ஆல்டர்மாஸ்டன். நாங்கள் இருக்கும் ரெடிங்கிலிருந்து காரில் அரை மணி நேரம். 1770 வாக்கில் ஜான் ஸ்டேர் என்ற பள்ளி ஆசிரியர், தானாக முளைத்த ஒரு கன்றில் இந்தப் பழத்தைக் கண்டெடுத்தார். லண்டன் டர்ன்ஹாம் கிரீனில் நர்சரி வைத்திருந்த வில்லியம்ஸ் அதைப் பரப்ப, பெயர் அவருடையதாகிவிட்டது.

1799 வாக்கில் மரம் அமெரிக்கா போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ராக்ஸ்பரியில், தாமஸ் ப்ரூவர் என்பவரின் தோட்டத்தில் நட்டார்கள். பின்னாளில் அந்தத் தோட்டம் ஈனாக் பார்ட்லெட் கைக்கு வந்தது. என்ன ரகம் என்று அவருக்குத் தெரியாது. தன் பெயரிலேயே ஊருக்கெல்லாம் கொடுத்தார். 1828இல் ஐரோப்பாவிலிருந்து புதிய கன்றுகள் வந்தபோதுதான் இரண்டும் ஒன்று என்று புரிந்தது. அதற்குள் அமெரிக்காவில் பார்ட்லெட் என்ற பெயர் ஊன்றிவிட்டது. முதலில் கண்டெடுத்த ஸ்டேரின் பெயரை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

பேரி விதையைப் போட்டால் தாய்மரத்துப் பழம் கிடைக்காது, ஒட்டுக் கட்டித்தான் ஆகவேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் கொல்லை மரமும் கலிபோர்னியாத் தோட்டத்து மரங்களும் அந்த ஒரே கன்றின் உடம்புதான்.

நான் வத்தலக்குண்டுக்காரன். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பேரிக்காயை உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டு நறுக்நறுக்கென்று கடித்து வளர்ந்தவன். அதற்குக் ‘காய்’ என்ற பெயர் பொருத்தம். வில்லியம்ஸ் அப்படியல்ல, அது பழுக்க வேண்டிய பழம். ஆனால் மரத்திலேயே பழுக்கவிடக் கூடாது. முதல் வருடம் இது தெரியாமல், மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தேன். அறுத்துப் பார்த்தால் தோல் பளபளவென்று இருக்க, நடுவில் எல்லாம் பழுப்பாகக் குழைந்து கிடந்தது. பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி அப்போதுதான் சொன்னார். பறிக்கும் பக்குவமும் அவர் காட்டியதே: தொங்கும் காயை உள்ளங்கையில் ஏந்தி, படுக்கைவாட்டில் மெல்லத் தூக்க வேண்டும். காம்போடு தானாகக் கழன்றால் பறிக்கலாம், அடம்பிடித்தால் விட்டுவிட வேண்டும்.

பச்சையாகப் பறித்துச் சமையலறையில் வைத்தால் சில நாளில் தோல் மஞ்சளாகும், வாசனை கூடம் வரை வரும். காம்பை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் பக்குவம் வந்துவிட்டது. சதை வெண்ணெய் மாதிரி கரையும், சாறு முழங்கை வரை வழியும். அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், அதற்குமேல் தாங்காது.