தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். எங்கள் குடும்பச் சின்னத்தில் புலி, வில், மீன், வேல் எல்லாம் வைக்கலாமா?

கேட்டவர் கோலாலம்பூர்க்காரர். தாத்தா பெயரிலேயே வேல் இருக்கிறதாம். வடிவமைப்பாளர் கொடுத்த மாதிரியில் கறுப்புக் கேடயம், அதில் சிவப்பு வேல், புலி, வில், மீன், இரண்டு பக்கமும் சிங்கம்.

வேல் மட்டும் இருக்கட்டும். அதற்கும் பின்னணி மாற வேண்டும்.

புலி, வில், மீன் மூன்றும் சேர்ந்தால் அது அரசுரிமைப் பேச்சு. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனும் வில்லும் இருக்கும், மேலே குடை, சாமரம். சேரனும் பாண்டியனும் எனக்குக் கீழே என்று சோழன் சொன்னது அது. தோட்டத்தில் உழைத்த மனிதரின் பெயரால் வரையும் சின்னத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. பக்கத்துச் சிங்கங்களும் வேண்டாம். ஐரோப்பிய மரபில் கேடயம் தாங்கும் விலங்குகள் பெரும்பாலும் அரசர், பிரபுக்கள், நகரங்களுக்கு உரியவை.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஐரோப்பியச் சின்ன மரபில் மஞ்சளும் வெள்ளையும் தங்கம், வெள்ளி என்ற கணக்கில் உலோகங்கள்; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணங்கள். வண்ணத்தின் மேல் வண்ணமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது, காரணம் அவ்வளவுதான். கறுப்பில் சிவப்பு வேல் பத்தடி தள்ளிப் போனாலே மங்கிவிடும். பக்கம் பக்கமாக வருவது வேறு: உங்கள் பாஸ்போர்ட் அட்டையில் இருக்கும் நாட்டுச் சின்னத்தின் அசல் நிறத்தில் சிவப்புக் கட்டத்தை ஒட்டியே கறுப்புக் கட்டம் வரும், அது தவறில்லை.

சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம் என்ற பட்டியல்களை நம்ப வேண்டாம். பின்னாளில் சேர்த்தவை அவை. உடையவர் எதை நினைத்து வைக்கிறாரோ அதுதான் பொருள். பெயரை வைத்து விளையாடுவது பழைய, நல்ல வழக்கம். 1596இல் ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்குக் கிடைத்த சின்னத்தில் தங்கக் கேடயம், மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்குச் சரியும் கறுப்புச் சாய்பட்டை, அதன்மேல் ஓர் ஈட்டி. ஆங்கிலத்தில் ஈட்டி 'ஸ்பியர்'; அவர் பெயரின் பாதி அந்த ஈட்டிதான். உங்கள் வேலும் அப்படியே.

அந்தச் சாய்பட்டை உங்களுக்கு இன்னும் அழகாகப் பொருந்தும். ரப்பர் மரத்தின் முன்னால் நின்று பார்த்தால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடும். கேடயத்தின் வழக்கமான சாய்பட்டையும் பார்ப்பவருக்கு அதே திசைதான். எனவே பச்சைக் கேடயம், வெள்ளைச் சாய்பட்டை, அதன்மேல் சிவப்பு வேல். விதியும் மீறப்படவில்லை, பாலும் இருக்கிறது, தாத்தா பெயரும் இருக்கிறது. பால் பிடிக்கும் மங்கு, உளி, மரம் என்று இதற்குமேல் அடுக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் எதுவும் தெரியாது. கீழே நாடாவில் தமிழ் வாசகம் போட்டால் மூன்று சொல்லுக்குள் நிறுத்துங்கள். சட்டையில் நூலால் தைக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி.

மலேசியாவில் தனிமனிதருக்குச் சின்னம் வழங்கும் அரசு அலுவலகம் இல்லை, நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இரட்டைப் புலி, பிறை, 14 முனை நட்சத்திரம் சேர்ந்த அமைப்பு வேண்டாம். நாட்டுச் சின்னத்தைத் தொழிலுக்கு அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாளை கடைப் பலகையில் போட நினைத்தால் சிக்கல்.

வரைபவருக்குப் படத்தோடு, சின்னத்தில் என்னென்ன எங்கே என்று சொல்லும் ஒரு வாக்கியமும் எழுதிக் கொடுங்கள். மரபில் அந்த வாக்கியம்தான் சின்னம். படம் கைக்குக் கை மாறலாம். இடம், வலம் என்று எழுதும் இடத்தில் 'பார்ப்பவருக்கு' என்று சேருங்கள். ஐரோப்பிய நூல்கள் கேடயம் பிடித்திருப்பவரின் பக்கத்தை வைத்துச் சொல்கின்றன. குழம்பினால் வெட்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.