‘மூலிகைதானே’ என்று சொல்லாதீர்கள்: செரோடோனின் கேள்வி-பதில்

ஐஸ், எக்ஸ்டஸி, கொக்கைன் மூன்றும் செரோடோனினை ஒரே மாதிரிதானே பாதிக்கும்? – வாசகர், யீஷூன்

இல்லை. செரோடோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம். நரம்பணு வெளியே விட்ட செரோடோனினைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு கடத்திப் புரதம் உண்டு. கொக்கைன் அதை அடைத்துவிடும். அதேபோன்ற சேதி ரசாயனங்களான டோபமின், நோரட்ரினலின் ஆகியவற்றின் கடத்திகளையும் சேர்த்தே அடைக்கும். எக்ஸ்டஸி, அதாவது எம்டிஎம்ஏ, அந்தக் கடத்தி வழியாகவே உள்ளே நுழைந்து அதைத் தலைகீழாக ஓடவைக்கும். சேமிப்பில் இருந்த செரோடோனின் கொட்டிவிடும். ஐஸுக்கு, அதாவது மெத்தம்ஃபெட்டமினுக்கு, முதல் குறி டோபமின். அதற்காகச் செரோடோனினை அது சும்மா விடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெடுநாள் ஐஸ் புழங்கியவர்களின் மூளைப் படங்களில் செரோடோனின் கடத்திகளும் குறைந்தே காணப்பட்டிருக்கின்றன.

வாழைப்பழம் சாப்பிட்டால் மூளையில் செரோடோனின் ஏறுமா? – வாசகி, தெம்பனிஸ்

ஏறாது. பழத்தில் இருக்கும் செரோடோனின் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. உடம்பின் செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அதுவும் மூளைக்குப் போவதில்லை.

வெளிநாட்டில் படிக்கும் என் தம்பி ‘ஒரே ஒரு தடவை’ எக்ஸ்டஸி எடுத்தானாம். மூன்று நாளாக அழுகிறான். மூளை போய்விட்டதா? – அக்கா, ஹௌகாங்

போகவில்லை. செரோடோனின் கையிருப்பு கொட்டிப்போனது மட்டுமல்ல, புதிதாகத் தயாரிக்கும் நொதியையும் எம்டிஎம்ஏ முடக்குகிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். சாகத் தோன்றுகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அங்கேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்புறம், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் நம் சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றமே: பத்து ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

முன்பு எக்ஸ்டஸி எடுத்தேன், விட்டுவிட்டேன். இப்போது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தீர்ந்துபோன செரோடோனினை நிரப்ப இணையத்தில் 5-எச்டிபி வாங்கினேன். மூலிகைதானே, மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா? – பெயர் வேண்டாம், பிடோக்

வேண்டும், வேண்டும், வேண்டும். இந்த ‘மூலிகைதானே’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 5-எச்டிபி மேற்கு ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் விதையிலிருந்து வருகிறது. சரி, அபின்கூடச் செடியிலிருந்துதான் வருகிறது! மூளை என்ன, அளவுகோல் பார்த்து ஊற்றுகிற பெட்ரோல் டாங்கியா?

5-எச்டிபி, உடல் தன் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிற படியைத் தாண்டி நேரே செரோடோனினாக மாறும். உங்கள் மாத்திரை, மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகையாக இருந்தால், அது கடத்தியை அடைத்து வைத்திருக்கும். இரண்டும் சேர்கின்றன. சளி பிடித்தால் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் கலந்த இருமல் மருந்து, முதுகு வலித்தால் டிரமடோல். நாலும் ஒரே பக்கம் இழுப்பவை. மருந்துக் கவுன்ட்டரில் நின்று கேட்டால், ‘வேறெதுவும் சாப்பிடுவதில்லை’ என்பார்கள். கைப்பையைத் திறந்தால் மூன்று டப்பா இருக்கும்.

இப்படிச் செரோடோனின் அளவுமீறினால் வரும் ஆபத்துக்குச் ‘செரோடோனின் சிண்ட்ரோம்’ என்று பெயர். வியர்த்துக் கொட்டுதல், நடுக்கம், காய்ச்சல், கண்பாவை விரிதல், நிலைகொள்ளாமை: இவைதான் அறிகுறிகள். பாதத்தைச் சட்டென்று மேலே வளைத்துப் பிடித்தால் கணுக்கால் தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

5-எச்டிபியை இன்றே நிறுத்துங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பா, ஸ்ட்ரிப், மூலிகை, சத்துமாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய எக்ஸ்டஸி பழக்கத்தையும் சொல்லுங்கள்.

எக்ஸ்டஸி மூளையில் ஓட்டை போடும் என்று படம் வந்ததே? – வாசகர், உட்லண்ட்ஸ்

ஓட்டை எதுவும் விழாது. அந்த மாதிரிப் படங்கள் ரத்த ஓட்டத்தைக் காட்டுபவை, ஓட்டம் குறைந்த இடம் ஓட்டைபோலத் தெரியும். 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் குரங்குகளை வைத்து ஒரு பயங்கர முடிவு வந்தது. மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள். புட்டியில் லேபிள் மாறியிருந்தது, குரங்குகளுக்குப் போனது பெரும்பாலும் ஐஸ்! பயமுறுத்தப் பொய் தேவையில்லை. மிகுதியாக எடுத்தவர்களிடம் செரோடோனின் கடத்திகள் குறைவதும், நிறுத்தியபின் ஓரளவு மீள்வதும் ஆய்வுகளில் தெரிந்ததே.

எம்டிஎம்ஏ எடுத்தவர் தண்ணீர் நிறையக் குடித்தால் போதுமா? – வாசகர், ஜூரோங்

போதாது, அதுவே ஆபத்தும்கூட. எம்டிஎம்ஏ சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைக் கூட்டும். லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம்.

மகன் பையில் ஒரு மாத்திரை கிடைத்தது. என்ன செய்யும்? – தந்தை

நிறம்? எழுத்து? மகனின் வயது? ஊர்கூட எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. எக்ஸ்டஸி என்று விற்பதில் பிஎம்ஏ என்ற வேறொரு போதைப்பொருள் இருந்து, மெதுவாக ஏறுகிறதே என்று இன்னொன்று போட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். மகனிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.