டிரைக்கோடெர்மா பொடி: விலைக்கு முன் தேதியைப் பாருங்கள்

கேள்வி: தக்காளி, மிளகாய் நாற்றுகள் மண்ணை ஒட்டி அழுகிச் சாய்கின்றன. டிரைக்கோடெர்மா போட்டால் சரியாகும் என்கிறார்கள். கடையில் இரண்டு பாக்கெட் இருக்கின்றன; ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. எதை வாங்குவது?

பதில்: விலையை விடுங்கள், முதலில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சை. டால்க் பொடியில் கலந்து வைத்த வித்துகள் நாளாக ஆக இறந்துகொண்டே இருக்கும், வெயிலும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம். காலாவதிக்கு இன்னும் நாள் இருந்தாலும், கண்ணாடி அலமாரியில் வெயில் காய்ந்த பாக்கெட் எனக்கு வேண்டாம்.

அடுத்து, சி.எஃப்.யூ. என்ற எண். ஒரு கிராமில் முளைக்கக்கூடிய வித்துகள் எத்தனை என்று அது சொல்கிறது. 10⁶ என்றால் பத்து லட்சம், 10⁸ என்றால் பத்துக் கோடி. இரண்டு மடங்கு விலையுள்ள பாக்கெட்டில் நூறு மடங்கு வித்து இருந்தால் அதுதான் மலிவு. இந்த எண்ணே அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். பூஞ்சையின் முழுப்பெயரும் (விரிடி, ஹார்சியானம், அஸ்பெரெல்லம் என) இருக்க வேண்டும்.

சரி, பலன் உண்டா? உண்டு, முன்கூட்டியே போட்டால். இது நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க் கிருமிகளோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும். சிலவற்றின் இழைகளைச் சுற்றிக்கொண்டு சுவரைக் கரைத்துத் தின்னவும் செய்யும். அதற்கு மண்ணில் பரவ அவகாசம் வேண்டும். சாய்ந்துவிட்ட நாற்று எழாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த விதைப்பில் இந்தப் பொடியை விதையில் புரட்டி விதை நேர்த்தி செய்யுங்கள். நன்கு மக்கிய தொழுஉரத்தில் கலந்து, ஈரத்தோடு நிழலில் ஒன்றிரண்டு வாரம் வைத்தும் பாத்தியில் இடலாம். அளவு பாக்கெட்டில் உள்ளபடி. பாத்தியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் எந்தப் பொடியும் உதவாது, வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

கார்பென்டாசிம் என்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லி வாங்கி வைத்திருந்தால் இதோடு கலக்காதீர்கள். நோய்ப் பூஞ்சையோடு இதையும் கொன்றுவிடும்.

அப்புறம், வளர்ந்த தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். பால்போல ஒரு இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு இந்தப் பொடியை நம்பிச் செலவழிக்க வேண்டாம்.