சிவந்த ஓணான் சண்டைக்காரனா? கேள்வி பதில்

காட்பாடி: சார், எங்கள் வேலி ஓணானுக்குத் தலை ரத்தச் சிவப்பு. ரத்தம் உறிஞ்சும் என்கிறார்களே?

உறிஞ்சாது. எறும்பும் பூச்சியும்தான் சாப்பாடு. கோடை தொடங்கி மழைக்காலம் வரை இணைசேரும் பருவம். அப்போது ஆணுக்குத் தலையும் தோளும் சிவக்கும், தொண்டையோரம் கருப்புத் திட்டு தெரியும். அது தண்டால் எடுப்பது உங்களை மிரட்ட இல்லை, பக்கத்து வேலி ஆணை மிரட்ட. கையில் பிடித்தால் கடிக்கும், விஷம் கிடையாது. பையன்கள் ஈர்க்கில் சுருக்கு போட்டுப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி: மலைப் பாறையில் ஒன்றுக்கு முதுகு சிவப்பு, விலா கருப்பு. இன்னொன்றுக்கு முதுகு மஞ்சள். இரண்டு இனமா?

ஒரே இனம், பாறை ஓணான். ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். பெண்ணைக் கண்டால் ஆணுக்கு முதுகு சிவப்பு, விலா கருப்பு. எதிரி ஆணைக் கண்டால் முதுகு மஞ்சள், விலா ஆரஞ்சு. பெண்ணுக்குக் காட்டும் நிறம் பளிச்சென்று எடுப்பாக இருக்கும். சண்டை நிறமோ வேகமாக வந்துவிடும். எதிரி காத்திருக்க மாட்டான் அல்லவா? மொட்டைப் பாறையில் கட்டிப் புரண்டால் மேலே பறக்கிற வல்லூறுக்கு லாபம். அதனால் பல தகராறுகள் நிறத்தோடும் தண்டாலோடும் முடிந்துவிடும்.

குடியாத்தம்: அமெரிக்காவில் ஆரஞ்சுக் கழுத்து ஓணான் பிறவிச் சண்டைக்காரன் என்று படித்தேன். நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்களே?

படித்தது சரி, அதை நம் வேலியில் ஒட்டுவதுதான் தப்பு. அது கலிபோர்னியாவின் ஊட்டா ஸ்டான்ஸ்புரியானா என்ற பல்லி இனம். சினெர்வோ, லைவ்லி என்ற ஆய்வாளர்கள் 1996-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். அங்கே ஆண்களின் கழுத்து ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறம், அது பரம்பரை. ஆரஞ்சுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகம். பெரிய எல்லை பிடித்து நீலத்தை விரட்டும். மஞ்சளுக்கு எல்லையே இல்லை. பெண்போல நடித்து ஆரஞ்சின் எல்லைக்குள் நுழைந்துவிடும். துணையை விட்டு நகராத நீலத்திடம் அந்த வேலை பலிக்காது. ஆக, எந்த நிறமும் நிரந்தரமாக ஜெயிப்பதில்லை.

வாலாஜா: பல்லி தோளில் விழுந்தால் என்ன பலன்?

பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

குடியாத்தம்: நம்ம ஊர்ச் சிவப்பும் ஹார்மோன்தானே சார்? அப்போ சிவப்பு என்றால் முரடன்தானே?

ஹார்மோன் பருவத்தைத் தொடங்கி வைக்கும், சரி. ஆனால் சண்டையில் தோற்ற ஓணான் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். அதற்குள் குணம் மாறிவிட்டதா? நிலைமைதான் மாறியது. சுருக்கில் மாட்டினாலும் மங்கும், அதற்காகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஆம்பூர்: காலையில் கருத்திருக்கிறதே, கோபமா?

குளிர். கருத்தால் வெயிலில் சீக்கிரம் சூடேறும். சூடேறிய பிறகு பார்த்துவிட்டுக் கோபத்தைப் பேசுங்கள்.

ஆற்காடு: சிவப்பு ஓணான் கடிக்குமா?

முதல் பதில்.

ராணிப்பேட்டை: இதுதானே பச்சோந்தி?

இல்லை. அதற்குக் கண் இரண்டும் தனித்தனியே சுழலும், நாக்கு நீளும்.

குடியாத்தம்: இரண்டு சிவப்பு ஆண்களை ஒரு பெட்டியில் விட்டால் தெரிந்துவிடுமே?

தம்பி, வேண்டாம். பெட்டிக்குள் தோற்றவனுக்கு ஓட இடமில்லை. வெளியே மங்கி ஒதுங்கியிருப்பவன் உள்ளே கடிபட்டுச் சாவான். பைனாகுலரோடு பாறைப் பக்கம் போய் உட்காருங்கள். சுருக்கு வேண்டாம்.