எலும்பில் பதிந்த உணவுக் கணக்கு: துருவக் கடல்நாய்கள் பற்றிய கேள்வி பதில்

அந்தாட்டிக்கக் கரையில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கும் கடல்நாய் எலும்புகளின் சமதானிகளை, அதாவது ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களை அளந்தால், அவை வாழ்ந்த கடலின் நிலை தெரியவரும். இதுபற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சமதானி என்றாலே கதிர்த்தொழிற்பாடுதானே சேர்? இந்த எலும்புகளைத் தொடலாமா?

தாராளமாகத் தொடலாம், மகள். காபன்-13, நைதரசன்-15 இரண்டும் சிதையாதவை. உங்கள் உடலிலுள்ள காபனிலும் நூற்றுக்கு ஒரு பங்கு காபன்-13 தான்.

பாலமுனை, மீன் வியாபாரி: செத்துப்போன மிருகம் எதைத் தின்றது என்று எலும்பு எப்படிச் சொல்லும்?

உடல் கழிவாக வெளியேற்றும் நைதரசனில் இலேசான நைதரசன்-14 சற்றுக் கூடுதலாகப் போய்விடும். பாரமான நைதரசன்-15 உடலில் தங்கும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் அதன் அளவு ஆயிரத்துக்கு 3 முதல் 4 பங்கு கூடுகிறது. நண்டுண்ணிக் கடல்நாய்க்குப் பெயரில்தான் நண்டு. அது தின்பது கிறில். நம் வாவிக் கூனியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்தச் சாதி. வெடெல் கடல்நாயோ மீன் வேட்டைக்காரன். ஆகவே வெடெல் கடல்நாயின் எலும்பில் நைதரசன்-15 கூடுதலாகவும் நண்டுண்ணியின் எலும்பில் குறைவாகவும் இருக்கும்.

அக்கரைப்பற்று, பட்டதாரி ஆசிரியர்: உணவுச் சங்கிலியின் அடியிலுள்ள பிளாந்தனில், அதாவது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில், நைதரசன்-15 அளவே காலத்துக்குக் காலம் மாறியிருந்தால்? கடல்நாய் உணவை மாற்றியதாகத் தவறாக எண்ணிவிட மாட்டோமா?

இந்தத் துறையின் மிகப் பெரிய பொறி இதுதான், ஐயா. எலும்பின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு வழி உண்டு. எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்துத் தனித்தனியே அளக்க வேண்டும். பினைல்அலனினில் உள்ள நைதரசன் படி ஏறினாலும் அதிகம் மாறாது. அது பிளாந்தனின் முத்திரையை அப்படியே சுமந்துவரும். குளுட்டாமிக் அமிலமோ ஒவ்வொரு படியிலும் நன்றாக உயரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலங்கு நின்ற படியைக் காட்டும். அடித்தளம் மாறினால் பினைல்அலனினே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே எலும்பில் கேள்வியும் விடையும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காபனிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பனிக்கட்டியின் அடியில் வளரும் பாசிக்குக் காபன் வரத்து குறைவு என்பதால், அதில் காபன்-13 திறந்த கடற் பிளாந்தனைவிடக் கூடுதலாக இருக்கும். பனி கூடிய காலமா, குறைந்த காலமா என்று ஊகிக்க இது உதவுகிறது. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காபன்-13 குறைந்த வாயுவை வளியில் கலந்துவிட்டோம். இன்றைய எலும்பைப் பழையதோடு ஒப்பிடுமுன் அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவர்: இதுவரை என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?

தம்பி, என் மனத்தில் நிற்பது அந்தாட்டிக்காவில் ரோஸ் கடலின் விக்டோரியா லாந்துக் கரை. யானைக் கடல்நாய்கள் தோல் உரிக்கப் பனியில்லாத கரை வேண்டும். இன்று அந்தக் கரையில் அவற்றின் கூட்டம் இல்லை. அவை குட்டி ஈனும் மக்குவாரித் தீவு 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் அந்தக் கரை மணலில் அவற்றின் தோலும் மயிரும் உலர்ந்த உடல்களும் கிடக்கின்றன. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அவை அங்கிருந்து மறைந்தன. பனி கூடிக் கரை அடைபட்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காலப்போக்கில் சிதைந்து குறையும் காபன்-14 ஐ அளந்து வயது கணிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தாட்டிக்கக் கடலில் ஆழத்திலிருந்து பழைய நீர் மேலெழுவதால், நேற்று இறந்த கடல்நாய்கூடக் காபன்-14 கணக்கில் 1,000 ஆண்டுக்கு மேல் முதியதாகத் தெரியும். அதைக் கழித்துவிட்டே எழுத வேண்டும்.

ஏறாவூர், இல்லத்தரசி: நம் மண்ணில் எலும்பு அவ்வளவு காலம் தாங்குமா?

தாங்குவது கடினம். வெப்பமும் ஈரமும் கொலாஜனை அழித்துவிடும். அங்கோ குளிரும் வறட்சியும். கடலிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே, வறண்ட பள்ளத்தாக்குகளில் தோலோடு கிடக்கும் கடல்நாய்களை அந்தாட்டிக்காவுக்குச் சென்ற ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஸ்கொட்டின் குழு 1903 இலேயே கண்டது. எங்கு கிடைத்த எலும்பானாலும் காபன்–நைதரசன் அணு விகிதம் 2.9 முதல் 3.6 வரை இருந்தால்தான் கொலாஜன் கெடவில்லை என்று கொள்வார்கள்.

நாவலடி, மீனவர்: இதை நம் வாவி மீனில் செய்யலாமா?

செய்யலாம், அண்ணன். கண்டல் இலையில் தொடங்கும் உணவிலும் கடற் பிளாந்தனில் தொடங்கும் உணவிலும் காபன்-13 அளவு வேறுவேறு. முகத்துவாரம் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் பிடித்த கொடுவாவின் முள்ளை ஒப்பிட எனக்கு நெடுநாள் ஆசை. உங்களுக்குக் கிடைத்தால் கழுவிக் காயவைத்து, பிடித்த இடத்தையும் நாளையும் ஒரு துண்டில் எழுதிக் கட்டி வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.