பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

நோயாளிக்கு ஆறு நிமிடம்தான் கிடைக்கிறது, வாழ்க்கைமுறை மருத்துவப் படிப்பில் சேர்ந்து பயனுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள், டாக்டர். உணவு, உறக்கம், உடற்பயிற்சி பற்றிய உரைகள் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்; அவை உங்களுக்குத் தெரிந்தவைதான். நோயாளியிடம் பேசும் முறையை ஆளை வைத்துப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். "சோற்றைக் குறையுங்கள்" என்று உத்தரவு போடாமல், "இரவுச் சாப்பாட்டில் எதை மாற்றலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பது (நமக்கு அதுதானே கஷ்டம்!) தானாக வராது.

2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரைக்கு ஏறத்தாழ இணையாக, நீரிழிவு வரும் ஆபத்தை 28 சதவீத அளவுக்குக் குறைத்தது. அங்கே மாதந்தோறும் தொலைபேசியில் தொடர்ந்து பேசினார்கள். அந்தத் தொடர்பணியைச் செவிலியரிடம் ஒப்படைக்கவும் படிப்பு கற்றுத்தர வேண்டும்.

வெளிநாட்டு இணையவழிப் படிப்பென்றால், மருத்துவர்களுக்கான தொடர் கல்வியின் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரக் கணக்கில் சேருமா என்று மாநில மருத்துவக் கவுன்சிலிடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.