பட்டத்தைத் தேடும் முன் பணியைப் பிரித்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா, அம்மா,

மூளை முடக்குவாதத்துடன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிளஸ் டூ தேறியிருக்கும் உங்கள் மகளின் எதிர்காலம் குறித்து நீங்கள் கவலைப்படுவது இயல்பே. ஆனால், கடன் வாங்கியாவது அவரைக் கணினிப் பொறியியலில் சேர்த்துவிடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்துவதை நான் ஏற்கவில்லை. 'பொறியாளர்' என்ற பெயர் கல்யாண வீடுகளில் அவர்களுக்குப் பெருமை தரலாம். ஒற்றை விரலால் தட்டச்சு செய்பவருக்கு ஏற்ற வேலையை அந்தப் பெயர் மட்டுமே பெற்றுத்தந்துவிடாது. கடனின் தவணையைக் கட்டப்போவதும் அவர்கள் அல்லர்.

வங்கித் தேர்வையும் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 விழுக்காடு ஒதுக்கீட்டையும் நீங்களே அறிவீர்கள். நீங்கள் கேள்விப்படாதது, ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்னும் முறை. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்காக 1980களில் அமெரிக்காவில் வளர்ந்த இம்முறையில் பணியிடம் முதலில் வருகிறது, பயிற்சி அங்கேயே நடக்கிறது. பணிப் பயிற்றுநர் ஒருவர், உங்கள் மகளால் எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார முடிகிறது, எந்த விரல் தடுமாறாமல் இயங்குகிறது, களைப்பு எப்போது தொடங்குகிறது என்பதையெல்லாம் கவனித்த பிறகே நிறுவனங்களை அணுகுவார். அங்கே ஓர் எழுத்தரின் வேலையைக் கூறுகூறாகப் பிரித்து, தொலைபேசியில் பேசுவதையும் கோப்பு தூக்குவதையும் பிறருக்கு விட்டு, பதிவுகளைச் சரிபார்ப்பதை மட்டும் தனிப் பணியாக்கித் தருமாறு முதலாளியிடம் பேசுவார். மேசையின் உயரம், அடுத்த விசையில் விரல் படாமல் தடுக்கும் துளையிட்ட விசைப்பலகை மூடி, ஓய்வு வேளை ஆகியவற்றை ஏற்பாடு செய்து, தொடக்கத்தில் உடனிருந்து, பின்னர் சிறிது சிறிதாக விலகிக்கொள்வார்.

மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணியிடங்களின் பட்டியலும், உட்காருதல், நடத்தல், விரல்களால் கையாளுதல் என்று ஒவ்வொரு பணிக்கும் தேவையான செயல்களைக் குறியீடுகளாகச் சொல்கிறது. கல்லூரி விளம்பரங்களை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

நாளிதழில் எழுத்துப்பிழைகளைத் தேடிக் குறித்துவைப்பது உங்கள் மகளின் பொழுதுபோக்கு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்! தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டே மெய்ப்புத் திருத்தும் பணியில் அரைநாள் இருந்து பார்க்கட்டும். 'வாய்ப்பு தருகிறோம், சம்பளம் கேட்காதீர்கள்' என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். போக்குவரத்துச் செலவைக் கழித்த பின் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்குள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையுடன் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை அணுகி, அவருடைய செயல்திறனை மதிப்பிடச் சொல்லுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு, எவ்வளவு நேரமானாலும், அவரே பதில் சொல்லட்டும்.